கை பாரம்

"ஒனக்குக் கை பாரம்மா."

இந்த ஒரு வரியை நான் பத்து வருஷம் சுமந்தேன். சொன்னவருக்கு மறந்து போயிருக்கும். சென்னையில் ஒரு படம் வரையும் ஆபீஸ். பாடப்புத்தகத்துக்கும் விளம்பரத்துக்கும் படம் போட்டுக் கொடுக்கிற இடம். 2013இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். அதுவரைக்கும் காகிதத்திலும் துணியிலும் வரைந்த கை. அங்கேதான் முதல் தடவையாக டேப்லெட்டில் வரையச் சொன்னார்கள். நான் போட்ட கோடெல்லாம் தடித்தடியாக வந்தது. தலைமை ஓவியர் என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னதுதான் அது. அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பக்கத்து மேசைக்காரர் அதற்கு வால் சேர்த்தார். "அவங்க வீட்ல மம்பட்டி புடிச்ச கை சார். பேனா எப்படி நிக்கும்?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் சிரித்தது ஆறிப்போச்சு. நானும் சேர்ந்து சிரித்தது இன்னும் ஆறவில்லை.

என் சாதி அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஊர் பேரைக் கேட்பார்கள், அதில் எந்தத் தெரு என்று கேட்பார்கள், அப்பா என்ன பண்றார் என்று கேட்பார்கள். மூணு கேள்வி போதும். நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்த மூணு கேள்வியும் முடிந்திருந்தது. என் நைனா கூலிக்கு மம்பட்டி பிடித்தவர்தான். அதை நான் மறைக்கவும் இல்லை.

அந்த வரி என்னை விட்டு எப்படி இறங்கியது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதைச் சொல்ல ஒரு டேப்லெட் பேனா மக்கர் பண்ணின கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களில் போஸ்டர் போடுகிற, துண்டறிக்கை அடிக்கிற மாணவர்கள் இருப்பீர்கள். கதை பிடிக்காவிட்டாலும் ரிப்பேர் விஷயமாவது உங்களுக்கு உதவும்.

*

டேப்லெட் என்றால் மாத்திரை இல்லை. என் சித்தப்பா அப்படித்தான் நினைத்தார். "மாத்திர மேல இன்னாத்தக் கண்ணு வரையற?" என்றார். நாம் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன சிலேட்டை விடக் கொஞ்சம் பெரிசாக, கறுப்பாக ஒரு பலகை. அதிலிருந்து ஒரு வயர் லேப்டாப்புக்குப் போகும். கூட ஒரு பேனா. அந்தப் பேனாவில் மையும் கிடையாது, என்னுடையதில் பேட்டரியும் கிடையாது. பலகையின் உள்ளே கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அவை மெலிசாக மின்காந்த அலையை மேலே அனுப்புகின்றன. பேனாவுக்குள் இருக்கிற கம்பிச் சுருள் அந்த அலையிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு திருப்பிப் பதில் அனுப்புகிறது. நிப்பை அழுத்தினால் அந்தப் பதில் மாறும். பேனா எங்கே நிற்கிறது, எவ்வளவு அழுத்துகிறது என்பதைப் பலகை அப்படித்தான் தெரிந்துகொள்கிறது. என்னிடம் இருப்பது விலை குறைந்த பலகைதான். அதுவே அழுத்தத்தை 8192 படிகளாகப் பிரிக்கிறது. லேசாகத் தொட்டால் மயிர் போலக் கோடு. அழுத்தினால் விரல் தடிமன். இந்த அழுத்தம் வேலை செய்யாமல் போனால் எல்லாக் கோடும் ஒரே தடிமனில் வரும். படம் செத்துவிடும்.

2020 ஊரடங்கில் அந்த ஆபீஸ் வேலை போனது. திண்டிவனம் பக்கம் எங்கள் ஊருக்கே வந்துவிட்டேன். வீட்டில் இருந்தபடி கிடைத்த வேலையைச் செய்தேன். 2023இல் எங்கள் காலனி இரவுப் பாடசாலைத் தோழர்கள் ஒரு வேலை கொடுத்தார்கள். கூலி இல்லாத வேலை. ஆனால் நான் இதுவரை செய்ததில் பெரிய வேலை. அண்ணல் அம்பேத்கரின் சின்ன வயசைப் பிள்ளைகளுக்குப் படமாகச் சொல்லும் புத்தகம். 24 பக்கம், கறுப்பு வெள்ளை. ஏப்ரல் 14 அன்று பிள்ளைகள் கையில் இருக்க வேண்டும். அதற்கு ஏப்ரல் 5ஆம் தேதி அச்சுக்குப் போக வேண்டும்.

அண்ணல் தன் அனுபவங்களை எழுதி வைத்த 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற சின்ன நூல் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் கையெழுத்தில் கிடந்ததை, அவர் தொடங்கிய பீப்பிள்ஸ் எஜுகேஷன் சொசைட்டி 1990இல் அச்சிட்டது. அதில் வருகிற சம்பவங்களைத்தான் படமாக்கினோம். 1901இல் அப்பாவைப் பார்க்கப் புறப்பட்ட பிள்ளைகள் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கி வண்டி கிடைக்காமல் நின்றது. இரட்டைக் கூலி தருகிறோம் என்ற பிறகும் வண்டிக்காரன் இவர்களோடு உட்காராமல் நடந்து வர, பிள்ளைகளே மாட்டை ஓட்டிப் போனது. பள்ளிக்கூடத்தில் உட்கார வீட்டிலிருந்து கொண்டுபோன கோணித் துண்டு. அந்தத் துண்டைப் பள்ளிக்கூடம் பெருக்குகிற ஆள்கூடத் தொட மாட்டான் என்பதால் சாயங்காலம் சுருட்டி வீட்டுக்கே எடுத்து வந்தது. அப்புறம் அந்தத் தண்ணீர்க் குழாய். அவர் தொடக்கூடாது. பியூன் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர். பியூன் இல்லாத நாளில் தாகத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

குழாய்ப் பக்கம்தான் புத்தகத்தின் உயிர் என்று எனக்குத் தோன்றியது. ஒரு பெரிய ஆளின் கை குழாயைத் திறக்கிறது. கீழே ஒரு பையன் இரண்டு கையையும் குவித்துக்கொண்டு நிற்கிறான். நடுவில் தண்ணீர். மேலே தடித்து, கீழே வரவர மெலிந்து, பையன் கையில் விழுவதற்கு முன்னால் சொட்டாக அறுகிற ஒரே கோடு. வேறு ஒன்றும் வேண்டாம். பக்கம் முழுக்க வெள்ளை.

17 பக்கம் முடித்திருந்தேன். மார்ச் 27 திங்கட்கிழமை காலையில் குழாயை வரைய உட்கார்ந்தேன். கோடு மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமனில் வந்தது. மறுபடியும் போட்டேன். அதே. நூறு தடவை போட்டிருப்பேன். தண்ணீர் விழவே இல்லை. கம்பி தொங்கியது.

*

மூணு நாள் நான் பேனாவைச் சந்தேகப்படவில்லை. மிஷினைச் சந்தேகப்படவில்லை. என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். லேசாக அழுத்திப் பார்த்தேன். பலமாக அழுத்திப் பார்த்தேன். மணிக்கட்டு வீங்கிப் போய் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். நாற்பது வயசாகிறது, கை போய்விட்டது என்று நினைத்தேன். பத்து வருஷத்துக்கு முன் கேட்ட சிரிப்பு காதிலேயே இருந்தது. அவன் அன்னைக்கே சொன்னான், இப்பத்தான் நமக்கு ஒறைக்குது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் பேனாவை வாங்கி ரெண்டு கீறு கீறினார். திறந்துகூடப் பார்க்கவில்லை. "பேனா போச்சும்மா. ரொம்ப அழுத்தி அழுத்தி ஒடச்சிட்டீங்க. புதுப் பேனா ரெண்டாயிரத்துக்கு மேல ஆகும். வர பத்து நாளாவும்" என்றார். அவருக்கு என்னைத் தெரியாது. என் தெருவும் தெரியாது. அவர் சாதி நினைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குள் அது வேறு மாதிரித்தான் விழுந்தது. பார்த்தியா, இவனும் கையத்தான் சொல்றான்.

பஸ்ஸிலிருந்தபடியே பாடசாலைத் தோழருக்குப் போன் பண்ணினேன். "வேற யாரையாச்சும் பாருங்க தோழர். என் கை போச்சு."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பம்" என்றார்.

*

சித்தப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் நைனாவுக்குத் தம்பி. போர்டு எழுதுகிறவர். எட்டாவதோடு பள்ளிக்கூடம் போச்சு. டவுனில் ஒரு ஆர்ட்ஸ் கடையில் பிரஷ் கழுவுகிற வேலைக்குப் போய், பார்த்துப் பார்த்தே எழுதக் கற்றுக்கொண்டவர். டீக்கடை போர்டு, மாட்டு வண்டி, லாரியின் பின்பக்கம், தேர்தல் சுவர், எல்லாம் எழுதியிருக்கிறார். 1991இல் அண்ணல் நூற்றாண்டு வந்தபோது எங்கள் காலனி முகப்புச் சுவரில் கட்டம் போட்டு அண்ணல் படத்தை ஆளுயரத்துக்கு வரைந்தார். எனக்கு எட்டு வயசு. டப்பா பிடித்துக்கொண்டு ஏணி அடியில் நின்றேன். மறுநாள் விடிந்து பார்த்தால் முகத்தில் சாணி. சித்தப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவினார். எனாமல் பெயிண்ட். ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடி விளிம்பை மட்டும் இன்னொரு தடவை இழுத்துவிட்டார்.

அதே ஊர்த்தெருக்காரர்கள்தான் கோயில் தீமிதிக்கு போர்டு எழுத அவரிடம் வருவார்கள். புளியமரத்தடியில் வைத்து எழுதிக் கொடுப்பார். கோயிலுக்குள் மாட்ட அவர் போகக்கூடாது. மாட்டுவதற்கு முன் போர்டு மேல் மஞ்சத்தண்ணி தெளித்துத் தீட்டுக் கழிப்பார்கள். சித்தப்பா வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பார். "எனாமல்ல மஞ்சத்தண்ணி ஒட்டாது. வழிஞ்சி கீழ பூடும். எழுதுன கை அங்கியேதான் இருக்கும்."

2000க்குப் பிறகு பிளக்ஸ் வந்தது. பத்து வருஷத்துக்குள் அவர் வேலை முழுசாகப் போனது. பிரஷ்ஷெல்லாம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் நின்றுகொண்டிருக்கிறது. எழுபது வயசு. எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் படுக்கை.

அன்று சாயங்காலம் நான் டேப்லெட்டைக் கட்டில்மேல் வீசிவிட்டு உட்கார்ந்திருந்தேன். "இன்னா கண்ணு ஆச்சி?" என்றார்.

"கை போச்சு சித்தப்பா. கோடு வரல."

"கை எப்பிடிப் போவும்? நேத்து சோத்தப் பெசஞ்சி துன்ன இல்ல?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் விடவில்லை. அவர் தொழிலில் கோடு சரியாக வராவிட்டால் என்ன செய்வார் என்று சொல்ல ஆரம்பித்தார். சின்ன வயசில் நூறு தடவை கேட்ட பேச்சுதான். அன்றுதான் காதில் விழுந்தது.

"மொதல்ல பிரஷ்ஷப் பாரு. மயிரு வெறைச்சிருக்கா, பிரிஞ்சிருக்கா பாரு. அப்பால பெயிண்ட்டப் பாரு. கலவ சரியா, தின்னர் பத்தலியா, ஆட கட்டிப் போச்சா. அப்பால செவுரப் பாரு. சுண்ணாம்பு பேந்துகினு இருந்தா எந்தப் பெயிண்ட்டும் நிக்காது. மூணும் சரியா இருந்தா, கடைசில கையப் பாரு. கையத் தொட்டுட்டீன்னா மத்தது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அத்தாங் கடைசி."

அப்புறம் இன்னொன்று கேட்டார். "எப்போலர்ந்து இப்பிடி? கெட்டுப் போறதுக்கு முந்தி இன்னாத்த மாத்துன?"

"எதையும் மாத்தல" என்றேன். அது பொய் என்று எனக்கே அப்போது தெரியாது.

*

அந்த வரிசையிலேயே போனேன்.

முதலில் பிரஷ். டேப்லெட் பேனாவுக்கு அது நிப். சின்ன பிளாஸ்டிக் குச்சி. பலகையில் தேய்ந்து தேய்ந்து, சாக்பீஸ் மாதிரி ஒரு பக்கம் சரிந்து போகும். பெட்டியில் மாற்று நிப்புகளும், பழசைப் பிடுங்க ஒரு சின்ன வளையமும் கொடுத்திருப்பார்கள். பழசைப் பிடுங்கினேன். புதுசைச் செருகினேன். விரலால் அழுத்தினால் லேசாக உள்ளே போய்த் திரும்பி வருகிறதா பார்த்தேன். வந்தது. உள்ளேயே சிக்கிக்கொண்டால் தொடாமலே கோடு விழும். எனக்கு அந்தக் கோளாறு இல்லை. வரைந்தேன். கம்பியேதான் வந்தது.

அடுத்தது பெயிண்ட். அதாவது பேனாவிலிருந்து கம்ப்யூட்டருக்கு வந்து சேர்கிற சமாச்சாரம். வயரை வேறு யூ.எஸ்.பி. துளையில் மாற்றினேன். பலனில்லை. பிறகு டிரைவரைத் திறந்தேன். டிரைவர் என்பது பலகை சொல்வதைக் கம்ப்யூட்டருக்குப் புரிய வைக்கிற சின்ன சாஃப்ட்வேர். அதற்குள் அழுத்தத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு பக்கம் உண்டு. ஏழு மாசமாக வைத்திருக்கிறேன், அந்தப் பக்கத்தை அன்றுதான் திறந்தேன். பேனாவை வைத்து மெதுவாக அழுத்தினேன். பக்கத்தில் இருந்த பட்டை மெதுவாக ஏறியது. விட்டேன். இறங்கியது. லேசாகத் தொட்டேன். கொஞ்சமாக ஏறியது.

அந்தப் பட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கை போகவில்லை. பேனாவும் போகவில்லை. நான் அழுத்துவது அது வரைக்கும் போய்ச் சேர்கிறது. அதைத் தாண்டித்தான் எங்கேயோ நிற்கிறது. மூணு நாள் அழுததும், கடைக்காரர் கேட்ட ரெண்டாயிரமும் வீண்.

இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சோதனைப் பக்கத்தில் பட்டை அசையவே இல்லையென்றால் பேனாவிலோ நிப்பிலோ பலகையிலோ கோளாறு இருக்கலாம். அசைந்தால் பேனா நன்றாக இருக்கிறது. புதுப் பேனா வாங்காதீர்கள்.

மூணாவது சுவர். நான் வரைவது கிரிதா என்ற சாஃப்ட்வேரில். காசு கொடுக்க வேண்டாத, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய சாஃப்ட்வேர். அதில் பிரஷ்ஷுக்கு அழுத்தத்தை நிறுத்தி வைக்க ஒரு பொத்தான் மேலேயே இருக்கிறது. தெரியாமல் கைபட்டு அது அணைந்து போவது உண்டு. பார்த்தேன். போட்டுத்தான் இருந்தது. பிரஷ் அமைப்பில் அளவு என்பதற்குக் கீழே அழுத்தம் தேர்வாகியிருக்கிறதா பார்த்தேன். இருந்தது. கிரிதாவின் செட்டிங்கில் டேப்லெட்டுக்கென்று ஒரு பக்கம் உண்டு. அதற்குள்ளும் ஒரு சோதனைக் கட்டம். அதில் கீறிப் பார்த்தேன். அழுத்தத்துக்கு எண் வரவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. என் பேனாவை அது மவுஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தது. மவுஸ்ஸுக்கு அழுத்தம் ஏது?

ஆகக் கோளாறு டிரைவருக்கும் கிரிதாவுக்கும் நடுவில். அப்போதுதான் சித்தப்பாவின் கேள்வி திரும்ப வந்தது. கெட்டுப் போறதுக்கு முந்தி இன்னாத்த மாத்துன?

மாற்றியிருந்தேன். மார்ச் 26, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். என்னிடம் வேறொரு கம்பெனியின் பழைய டேப்லெட் ஒன்று சும்மா கிடந்தது. இரவுப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று எடுத்தேன். வேலை செய்கிறதா பார்க்க என் லேப்டாப்பில் அதன் டிரைவரை ஏற்றினேன். செய்தது. துடைத்து உறையில் போட்டு வைத்தேன். டிரைவரை எடுக்கவில்லை. மறுநாள் காலையில்தான் தண்ணீர் கம்பியாகப் போனது.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். விண்டோஸில் பேனா அழுத்தம் சாஃப்ட்வேருக்குப் போக ரெண்டு வழி இருக்கிறது. ஒன்று பழைய வழி, விண்டேப். இன்னொன்று விண்டோஸ் இங்க். பழைய வழியில் போவதற்கு டிரைவர்கள் கம்ப்யூட்டருக்குள் ஒரு ஃபைலைப் போடுகின்றன. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் அந்த ஃபைலுக்கு ஒரே பெயர்தான். கடைசியாக வந்தவர் தன்னுடையதைப் போட்டு முன்னவருடையதை அழித்துவிடுவார். நான் ஏற்றிய பழைய டிரைவர் புதுசின் ஃபைலை மூடிவிட்டது. கிரிதா அழுத்தம் கேட்டுப் போன இடத்தில் உறையில் தூங்குகிற டேப்லெட்டின் ஆள் உட்கார்ந்திருக்கிறான். அவன் என்ன பதில் சொல்வான்?

ரெண்டு டிரைவரையும் எடுத்தேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். புது டேப்லெட்டின் டிரைவரை மட்டும் ஏற்றினேன். மறுபடியும் அணைத்துப் போட்டேன். டிரைவரிலும் கிரிதாவிலும் ஒரே வழி தேர்வாகியிருக்கிறதா பார்த்தேன். அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று இருந்தாலும் அழுத்தம் வராது. ரெண்டும் விண்டேப் என்றால் விண்டேப், ரெண்டும் இங்க் என்றால் இங்க். மாற்றினால் கிரிதாவை ஒரு தடவை மூடித் திறக்க வேண்டும்.

கோடு போட்டேன். தடித்து, மெலிந்து, அறுந்தது. ராத்திரி பதினொண்ணே கால். திண்ணைக்கு ஓடிப்போய்ச் சித்தப்பாவை எழுப்பினேன்.

*

கதை இங்கே முடிந்திருந்தால் 'கையில் தப்பே இல்லை' என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். அது முழு உண்மை இல்லை.

அழுத்தம் வந்துவிட்டது. ஆனாலும் என் கோடு மற்றவர்கள் கோட்டை விடத் தடிமனாகத்தான் இருந்தது. 2013இல் இருந்த மாதிரியே. இத்தனை வருஷமும் அதைச் சமாளித்துத்தான் வரைந்து வந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, விரலை விறைத்துக்கொண்டு, என் கையை வேறு யாரோ ஒருவர் கையாக்கிக்கொண்டு. ஒரு மணி நேரம் வரைந்தால் தோள்பட்டை வரை வலிக்கும். வரைதல் என்றால் வலிக்கத்தான் செய்யும் என்று நினைத்திருந்தேன்.

சித்தப்பா சொன்ன வரிசையில் நாலாவது இருக்கிறதே. கடைசியில் கையைப் பார்.

சோதனைப் பக்கத்தை மறுபடி திறந்தேன். இந்தத் தடவை மூச்சைப் பிடிக்காமல், சுவரில் எழுதுகிற மாதிரி என் இயல்பில் அழுத்தினேன். பட்டை ஒரே தாவில் உச்சிக்குப் போய் நின்றுவிட்டது. 8192 படி இருக்கிறது. என் கை முதல் கொஞ்சத்தை ஒரே எட்டில் தாண்டி மேலே போய் முட்டிக்கொள்கிறது. நடுவில் இருக்கிற ஆயிரக்கணக்கான படியில் நான் நிற்பதே இல்லை. உண்மைதான். எனக்குக் கை பாரம். சிலேட்டில் அழுத்தி எழுதிப் பழகிய கை. சொரசொரப்பான சுவரில் கரிக்கட்டையால் வரைந்த கை. களை பறித்த கை.

ஆனால் அந்தப் பட்டைக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டமும் அதில் ஒரு கோடும் இருந்தன. படுக்கைவாக்கில் இருப்பது கை தருகிற அழுத்தம். நிமிர்ந்து இருப்பது கோட்டுக்குப் போகிற அழுத்தம். ரெண்டையும் இணைக்கிற கோடு மூலைக்கு மூலை நேராக இருக்கிறது. அந்தக் கோட்டை நாம் பிடித்து இழுக்கலாம். நடுவில் பிடித்து வலப்பக்கம் கீழாக இழுத்தால், பலமாக அழுத்துகிற கைக்கும் மெல்லிய கோடு கிடைக்கும். மேலாக இழுத்தால், லேசாகத் தொடுகிற கைக்கும் தடித்த கோடு கிடைக்கும். டிரைவரிலும் இருக்கிறது, கிரிதாவிலும் இருக்கிறது. ஒரு இடத்தில் மாற்றினால் போதும். ரெண்டு இடத்திலும் மாற்றினால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குழப்பிவிடும்.

கீழே இழுத்தேன். வரைந்தேன். கொஞ்சம் மேலே விட்டேன். வரைந்தேன். கால் மணி நேரம். அவ்வளவுதான். அப்புறம் என் கை என் கையாகவே இருந்தது. மூச்சு விட்டுக்கொண்டே வரைந்தேன்.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. சந்தோஷத்தில் இல்லை. ஆத்திரத்தில். அந்த ஆபீஸில் எனக்குக் கொடுத்த மிஷின் எனக்கு முன்னால் யாரோ வேலை பார்த்த மிஷின். அந்தக் கோடு யார் கைக்கு வளைத்து வைத்திருந்ததோ. பத்துப் பேர் இருந்த அறை. தலைமை ஓவியருக்கு இந்தக் கட்டம் தெரியாமலா இருந்திருக்கும்? "கை பாரம், செட்டிங்க மாத்திக்கோம்மா" என்று பாதி வரி கூடச் சொல்லியிருந்தால் முடிந்துபோகிற விஷயம். முதல் பாதியை மட்டும் சொன்னார். மறுபாதியைச் சொல்ல அவருக்குத் தோன்றவே இல்லை. கோளாறு கையில் என்று முடிவு பண்ணிவிட்டால் மிஷினைத் திறந்து பார்க்க யாருக்குத் தோன்றும்? எனக்கே தோன்றவில்லையே, பத்து வருஷம். அவர்களைத் திட்டுகிற அளவுக்கு என்னையும் திட்டிக்கொள்கிறேன். அவர்கள் சொன்னதை நான்தானே பத்திரமாக வைத்திருந்தேன்.

மிஷினோடு வருகிற கோடு யாரோ ஒரு நடுவாந்திரக் கையை நினைத்துப் போட்டது. அதற்குச் சாதி கிடையாது. அந்தக் கைக்குப் பொருந்தாத கையைப் பார்த்துச் சிரிக்கிற இடத்தில்தான் சாதி இருக்கிறது.

*

மறுநாள் காலை குழாய்ப் பக்கத்தை முடித்தேன். ஏப்ரல் 5 அன்று 24 பக்கமும் அச்சுக்குப் போனது. 14ஆம் தேதி காலனி முகப்பில், சித்தப்பா வரைந்த சுவருக்கு முன்னால், பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். அந்தச் சுவரில் இப்போது படம் மங்கிப் போய்க் கண்ணாடி விளிம்பு மட்டும்தான் தெரிகிறது.

அதற்கு முந்தின வாரம் ஒருநாள் சித்தப்பாவைப் பிடித்து உட்கார வைத்துப் பேனாவைக் கையில் கொடுத்தேன். "வேணாங் கண்ணு, ஒடச்சிடுவேன்" என்றார். பலகையைப் பார்த்துக்கொண்டே எழுதினார். கோடு திரையில் வருகிறது என்று அவருக்குப் பழகவில்லை. நிமிர்ந்து பார்த்தார். 'அ' என்று எழுதியிருந்தார். சுழியில் மெலிந்து, வயிற்றில் தடித்து, கால் இழுப்பில் மறுபடி மெலிந்து. கை நடுங்கியதும் அதில் தெரிந்தது. என் கைக்கு வளைத்து வைத்த கோடு அவர் கைக்கு ஒரு மாற்றமும் இல்லாமல் சரியாகப் பொருந்தியிருந்தது. என் பாரம் எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரிந்தது.

இப்போது சனிக்கிழமை சாயங்காலம் இரவுப் பாடசாலையில் பிள்ளைகளுக்கு வரையச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தப் பழைய டேப்லெட் அங்கேதான் இருக்கிறது, அதன் டிரைவர் அங்கிருக்கிற கம்ப்யூட்டரில் மட்டும். முதல் பாடம் வரைவது இல்லை. சித்தப்பாவின் வரிசைதான். நிப், வயரும் டிரைவரும், சாஃப்ட்வேர், கடைசியில் கை. கையை என்றால் கையைத் திருத்துவது இல்லை, கைக்குத் தகுந்தபடி கோட்டை வளைப்பது. சுவரில் ஒரு அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறோம். எழுதியது சித்தப்பா. கடைசி வரியாக அவர் கேள்வியையும் எழுதச் சொன்னேன்: கெட்டுப் போறதுக்கு முந்தி இன்னாத்த மாத்துன?

போன மாசம் ஏழாவது படிக்கிற ஒரு பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "என் கை சரியில்லக்கா" என்றாள். நான் எழுந்து வருவதற்குள் பக்கத்தில் இருந்த பையன் சொன்னான்:

"அது கடைசிடி. மொதல்ல நிப்பப் பாரு."